சுழியனின் ஆறாவது விரல்

ஓய்வு பெற்ற ஒப்புநோக்காளனைத் தேடி ஒருவரும் வருவதில்லை. அச்சில் பிழை வந்தால் திட்டுவதற்குத் தேடுவார்கள். பிழை வராத நாளில் அப்படியொரு ஆள் இருந்ததே தெரியாது. அதனால் போன மாதம் திருகோணமலை லிங்கநகரில் என் வீட்டுக் கேற்றைத் திறந்துகொண்டு, ஒரு கையில் மடிகணினியும் மறு கையில் பெரிய பையுமாக ஒரு பிள்ளை வந்து "தில்லைநாதன் ஐயா நீங்கள்தானே?" என்று கேட்டபோது, காப்புறுதி விற்க வந்தவர் என்றே நினைத்தேன். எனக்குக் காப்புறுதி தருகிற வயதும் போய்விட்டது என்று சொல்ல வாயெடுத்தேன்.

அவர் பெயர் நிரோஷினி. கொழும்பில் ஒரு பதிப்பகத்தில் வேலை. நான் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்த வாரப் பத்திரிகையில் அந்தக் காலத்தில் வந்த நான்கு தொடர்கதைகளை அவர்கள் புத்தகமாகப் போடுகிறார்களாம். அவை இப்போது செவ்வியல் தொடர்கள் என்றார். அச்சான காலத்தில் அவை மூதூருக்குப் படகில் போகும் சனம் பொழுதுபோக்காக வாசித்துவிட்டு, இறங்குமிடத்தில் கருவாடு சுற்றப் பயன்பட்டவை. கருவாட்டுக் கடையில் தப்பிப் பிழைத்தால் எதுவும் செவ்வியல்தான் என்று நினைத்துக்கொண்டு, உள்ளே கூப்பிட்டுக் கதிரை போட்டேன்.

அவருடைய கணினி நான்கு கதைகளையும் வாசித்து, ஒவ்வொரு பாத்திரத்தின் அங்க அடையாளங்களையும் அத்தியாய வாரியாகப் பட்டியல் போட்டிருந்தது. பட்டியலைப் பார்த்து வயிறு நோகச் சிரித்தேன். முதலாவது கதையின் நாயகிக்கு மூன்றாம் அத்தியாயத்தில் முழங்கால் வரை கூந்தல். ஒன்பதாம் அத்தியாயத்தில் அது தோளோடு நின்றுவிட்டது. நடுவில் அவள் முடி வெட்டவுமில்லை, கோயிலுக்கு நேர்ந்து கொடுக்கவுமில்லை. பதினான்கில் அந்தத் தோளளவு முடியைக் கொண்டையாகப் போட்டு, அதற்குள் ஒரு கடிதத்தையும் ஒளித்து வைக்கிறாள். இரண்டாவது கதையில் ஒரு பொலிஸ் இன்ஸ்பெக்டர் முழு வழுக்கையோடு அறிமுகமாகி, பதவி உயர்வு கிடைத்த கிழமை கண்ணாடி முன்னால் நின்று தலை சீவுகிறார். மூன்றாவதில் ஒருவனுக்கு வலது கால் நொண்டி. கதை முடியும்போது இடது காலை இழுத்து நடக்கிறான். இடையில் ஒரு அத்தியாயத்தில் இரண்டு காலாலும் ஓடிப்போய் பஸ் பிடிக்கிறான்.

"இதெல்லாத்தையும் திருத்திப் போட்டன் ஐயா. நாலாவதுதான் சிக்கல். 'கழுகுமுனை'. அதில ஒரேயொரு பிழைதான் இருக்கு. ஆனா எது சரியெண்டு எனக்கும் விளங்கேல்ல, கணினிக்கும் விளங்கேல்ல" என்றார் நிரோஷினி.

அவர் சொல்லி முடிக்க வேண்டியதில்லை. அது சுழியனின் கை. 'கழுகுமுனை'யின் கொலைகாரனான சுழியனுக்கு ஒரு கையில் ஆறு விரல். முதல் பதினாறு அத்தியாயங்களில் அது வலது கை. பதினேழாம் அத்தியாயத்திலிருந்து இடது கை.

நிரோஷினி பழைய பத்திரிகையில் வந்த ஒரு சின்ன அறிவித்தலையும் கண்டுபிடித்து வைத்திருந்தார். அதை எழுதியவர் என்னுடைய மேலதிகாரி, தலைமை ஒப்புநோக்காளர் அருளம்பலம் ஐயா. பிழை தன்னுடையது என்று அவரே அதில் ஒப்புக்கொண்டிருந்தார். அதை வைத்து நிரோஷினி முன்னுரையில் ஒரு வசனம் எழுதியிருந்தார்: இந்தக் குழப்பம் அக்காலத் தலைமை ஒப்புநோக்காளரின் கவனக்குறைவால் நேர்ந்தது.

"அந்த வரியைப் போடாதையும் பிள்ளை."

"ஏன் ஐயா? அவரே கையெழுத்து வைச்சுச் சொல்லியிருக்கிறாரே."

"சொன்னவர். ஆனா அவர் செய்யேல்ல. நான் செய்தனான்."

நாற்பது வருடத்துக்கு மேலாக நெஞ்சுக்குள் வைத்திருந்த வசனம். சொன்னதும் இடி விழும் என்று நினைத்திருந்தேன். நிரோஷினி ஒரு பேனையைத் தேடி எடுத்து, "வடிவாச் சொல்லுங்கோ ஐயா" என்றார். சொன்னேன். அதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த கதை சின்னது. எனக்குத் தமிழ் வரும், வேறு ஒன்றும் வராது. அப்படிப்பட்டவர்களுக்குத் திருகோணமலையில் அப்போது இருந்த ஒரே வேலை உட்துறைமுக வீதியில் எங்கள் பத்திரிகைக் கந்தோரில் இருந்தது. எழுத்தாளரின் கையெழுத்துப் பிரதியை ஒருவர் உரத்து வாசிப்பார். ஈய எழுத்தில் கோத்து, சோதனைக்கு அச்சடித்த புரூவை மற்றவர் கண்ணால் தொடர்ந்து பிழை குறிப்பார். முதல் இரண்டு வருடமும் நான் வாசித்தேன், அருளம்பலம் ஐயா குறித்தார். காற்புள்ளியைக்கூடக் "காற்புள்ளி" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வீட்டிலும் அதே பழக்கம் வந்து, அம்மாவிடம் "சோறு காற்புள்ளி குழம்பு" என்று கேட்டு அடி வாங்காத குறை.

அருளம்பலம் ஐயா பத்திரிகைக்கு வருமுன் துறைமுகத்தின் பாஸ் கந்தோரில் இருந்தவர். துறைமுகத்துக்குள் வேலைக்குப் போகிற ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பாஸ் எழுதுவது அவருடைய வேலை. பெயர், உயரம், நிறம், பிறகு உடலில் உள்ள அடையாளம். இடது புருவத்தில் வெட்டுக்காயம், கழுத்தில் மறு, முன்பல் உடைந்தது என்று பத்து வருடம் எழுதினவர். மெலிந்த, நீளமான மனிதர். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத்தான் ஆட்களைப் பார்ப்பார். முதலில் கையைப் பார்ப்பார், பிறகு கழுத்து, கடைசியாகத்தான் முகம். பெண்பார்க்கப் போன இடத்திலும் இப்படித்தான் பார்த்தாராம். "முகம் மாறும் தம்பி. தாடி வளத்தா மாறும், பசி கிடந்தா மாறும். வெட்டுக்காயம் மாறாது" என்பார்.

அப்படிப்பட்டவர் கையில் எங்கள் தொடர்கதைகள் அகப்பட்டால் என்னவாகும்? கூந்தல் குறைந்த நாயகியும் முடி முளைத்த இன்ஸ்பெக்டரும் அவருக்கு முந்தின காலத்து ஆட்கள். அவர் தலைமைக்கு வந்த கிழமையே பாஸ் கந்தோர் மாதிரியில் ஒரு நீளக் கொப்பியைக் கோடு போட்டுத் தயாரித்தார். கதையில் வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். உயரம், நிறம், முடி, அடையாளம். அதற்குப் பக்கத்தில் மூன்று நிரல்: மாற்றம், காரணம், ஒப்பம். ஒரு பாத்திரத்தின் உடம்பில் ஏதும் மாறினால், எந்த அத்தியாயத்தில் மாறியது, என்ன காரணம் என்று எழுதி, மாற்றியவர் தன் பெயரின் முதல் எழுத்தை ஒப்பமாக வைக்க வேண்டும். காரணம் இல்லாமல் ஒருவருக்கு ஒரு தலைமயிரும் கூடவோ குறையவோ முடியாது.

புரூவில் ஒரு பாத்திரம் வந்தால் கொப்பியைத் திறந்து, "இந்த ஆளுக்குப் பாஸ் குடுக்கலாமோ?" என்று கேட்பார். பொருந்தாவிட்டால் அத்தியாயம் நிற்கும். "இந்தப் பிள்ளை போன கிழமை மாநிறம். இந்தக் கிழமை எலுமிச்சம்பழ நிறம். வாசலில மறிச்சுப் போடுவாங்கள் தம்பி. ஆளனுப்பி அந்த மனுசனைக் கூப்பிடும்."

அந்த மனுசன், பிறகு 'கழுகுமுனை'யை எழுதிய சங்குமுத்து. அது புனைபெயர். அவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். செவ்வாய்க்கிழமை பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதக் கொடுத்துவிட்டு, அவர்கள் எழுதி முடிக்குமுன் தன் அத்தியாயத்தை எழுதி முடித்துவிடுவார். எழுதியதைத் திருப்பி வாசிக்கும் கெட்ட பழக்கம் அவரிடம் இல்லை. நல்ல கெட்டிக்காரர், ஆனால் தன் பாத்திரங்களின் முகம் தன் மாணவர்களின் முகத்தைப் போலவே அவருக்கு நினைவிருக்காது.

"ஆர் ஐயா முகத்தைப் பாக்கினம்? வாசகர் கதையைத்தான் பாக்கினம்" என்று ஒருநாள் சண்டைக்கு வந்தார்.

"அப்ப முகத்தை ஏன் எழுதுறீர் காணும்?" என்று கேட்டார் அருளம்பலம் ஐயா.

அன்றைக்குத்தான் அருளம்பலம் ஐயா, "அடுத்த கதையில வாற கொலைகாரனுக்கு நீரே நினைச்சாலும் மறக்கேலாத ஒரு அடையாளத்தைக் குடும்" என்று கட்டளை போட்டார். 'கழுகுமுனை' தொடங்கியபோதே சுழியனுக்கு வலது கையில் ஆறாவது விரல் முளைத்தது. கொப்பியில் ஏறியது. பெருவிரலுக்குப் பக்கத்தில், நகத்தோடு. ஐயாவுக்கு ஒரே மகிழ்ச்சி. துறைமுகத்தில்கூட இவ்வளவு சுத்தமான அடையாளம் அரிதாகத்தான் கிடைக்கும் என்றார்.

கதை சூடு பிடித்தது. சுழியன் கழுகுமுனையில் படகோட்டிக்கொண்டு, ஏறுகிறவர்களை ஒவ்வொருவராகக் கடலில் தள்ளினான். பதினாறாம் அத்தியாயம் வந்த மறுநாள், திங்கட்கிழமை காலை பத்து மணிபோல ஒருவர் எங்கள் அறை வாசலில் வந்து நின்றார். ஐம்பது வயது இருக்கும். வெள்ளைத் தொப்பி, இடுப்பில் சாரம், வெயிலில் காய்ந்த உடம்பு. இடது கையில் ஒரு சட்டி மூதூர்த் தயிர். வலது கையைச் சேட்டுப் பைக்குள் விட்டிருந்தார்.

அருளம்பலம் ஐயா கண்ணாடியை நெற்றியில் ஏற்றினார். வந்தவர் வலது கையை வெளியே எடுத்து மேசையில் வைத்தார். பெருவிரலுக்குப் பக்கத்தில், நகத்தோடு, ஆறாவது விரல்.

"நீர் காசிம் எல்லோ?" என்றார் ஐயா. "முகம் மறந்து போச்சு. விரல் நினைவிருக்கு."

"ஓம் ஐயா. துறைமுகத்தில வேல செஞ்ச நேரம் எனக்குப் பாஸ் எழுதின நீங்கதான்." மூத்த முஸ்லிம் ஆட்களை நாங்கள் காக்கா என்போம்; காசிம் காக்கா தயிர்ச் சட்டியையும் மேசையில் வைத்தார். "பாஸில எழுதினதும் நீங்க, பேப்பரில எழுதுறதும் நீங்க."

அவர் மூதூருக்கு ஆட்களை ஏற்றிப் போகும் லோஞ்சுப் படகில் சுக்கான் பிடிக்கிறவர். கதை தொடங்கியதிலிருந்து லோஞ்சில் ஏறுகிற பொடியன்கள் அவரைச் "சுழியன் காக்கா" என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள். சிலர் பகிடிக்கு, சிலர் பகிடியா உண்மையா என்று தெரியாமல். மூத்த மகள் பரீதாவுக்கு மாப்பிள்ளை பேசி நாள் வைக்கும் நேரம். மாப்பிள்ளை வீட்டார் இப்போது கொஞ்சம் பொறுப்போம் என்கிறார்களாம்.

"என்ட கைய வெட்டச் சொல்லல்ல ஐயா. அவன்ட கைய மாத்துங்க. எடது கையா ஆக்கிருங்க. அவன் எத்தின பேரக் கொண்டாலும் எனக்கொண்டுமில்ல."

"ஏலாது காசிம். பதினாறு கிழமை சனம் வலது எண்டு வாசிச்சிட்டுது. கொப்பியில ஏறினது ஏறினதுதான். நீர் கேட்டதுக்காக நான் மாத்தினா, நாளைக்கு மொட்டை விழுந்தவன் ஒருத்தன் வந்து நிப்பான்."

காசிம் காக்கா கையைத் திரும்பப் பைக்குள் விட்டுக்கொண்டு சொன்னார்:

"எனக்கு வாசிக்கத் தெரியா. என்ட மகள்தான் கிழமைக்குக் கிழமை வாசிச்சுக் காட்டுற. அவன் வாற எடத்தில புள்ள ஒரு வரிய உட்டுட்டு அடுத்த வரிக்குப் போறா. எனக்கு எழுத்துத் தெரியாட்டியும் மூச்சு உடுற எடம் தெரியும் ஐயா. வாப்பாக்குக் கேக்கக் கூடா எண்டு புள்ள முழுங்கிற வரி அது."

அவர் போய்விட்டார். தயிர்ச் சட்டி மேசையில் இருந்தது. ஐயா அதைக் கையாலும் தொடவில்லை, அச்சுக்கோப்பவர்கள் சீனி போட்டு முடித்தார்கள். ஐயாவின் மேல் எனக்கு அன்றைக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இல்லாத ஒருவனுடைய கையைக் காப்பாற்ற இருக்கிற ஒருவனுடைய மகளைத் தூக்கி எறிகிறாரே என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை பின்னேரம் பதினேழாம் அத்தியாயத்தின் கடைசிப் புரூவில் ஐயா சிவப்புப் பென்சிலால் ஒப்பம் வைத்துத் தந்தார். ஒப்பம் விழுந்த தாளில் பிறகு ஒருவரும் கை வைக்கக் கூடாது. அதை முற்றத்தைக் கடந்து மெசின் அறைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. முற்றத்தில் ஒரு கொய்யா மரம். அதன் கீழ் நின்று, பேனையை எடுத்து, 'வலது' என்பதை வெட்டி 'இடது' என்று எழுதினேன். இரண்டுக்கும் மூன்று எழுத்துத்தான். வரி அசையவில்லை, பக்கம் அசையவில்லை. அச்சுக்கோப்பவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் கேளாமல் எழுத்தை மாற்றினார். தயிர் தின்றவர் அல்லவா.

அதிலிருந்து கிழமைக்குக் கிழமை அதே மரம், அதே வேலை. சங்குமுத்து பிரதியில் வலது என்று எழுதுவார், ஐயா வலது என்று ஒப்பம் வைப்பார், நான் இடது ஆக்குவேன். ஞாயிறு பத்திரிகை வந்தால் ஐயா அதை வாசிப்பார் என்று எனக்குத் தெரியும். திங்கட்கிழமைகளில் அவர் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒன்றும் நடக்காது. பாஸ் கந்தோர்க் கண்ணுக்கே தப்பிவிட்டேன் என்று கொஞ்சம் பெருமையும் வந்தது. வெட்கக்கேடு, ஆனால் வந்தது.

இருபத்தோராம் அத்தியாயம் அச்சாக வேண்டிய கிழமை கப்பல்துறைக் கிராமத்தில் என் பெரியப்பா இறந்துபோனார். கிழமை முழுக்க அங்கே நிற்கவேண்டி வந்தது. செத்த வீட்டில் எல்லாரும் பெரியப்பாவை நினைத்து அழ, நான் சுழியனை நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தக் கிழமை வலது என்று வரப்போகிறது, லோஞ்சில் யாரோ உரத்து வாசிக்கப்போகிறான். ஞாயிற்றுக்கிழமை சந்திக் கடைக்கு ஓடிப்போய்ப் பத்திரிகையை விரித்தேன். சுழியன் கதவில் கை வைத்துத் தள்ளுகிறான். இடது கை. சங்குமுத்து அச்சில் வந்ததைப் பார்த்துத் தானும் இடதுக்கு மாறிவிட்டார் என்று நினைத்து ஆறுதல்பட்டேன். மறுகிழமை வேலைக்குப் போய்ப் பிரதியைப் பார்த்தால் பழையபடி வலது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள விருப்பப்படவும் இல்லை.

அதற்குள் வாசகர் கடிதங்கள் வரத் தொடங்கிவிட்டன. முகத்தை ஆர் பார்க்கிறார்கள் என்று கேட்ட சங்குமுத்துவுக்கு அப்போதுதான் பதில் கிடைத்தது. ஓய்வு பெற்ற தபால் அதிபர் ஒருவர் இரண்டு கையையும் படம் கீறி அம்புக்குறி போட்டு அனுப்பியிருந்தார். ஒரு பெண், சுழியனைக் கண்ணாடியில் பார்த்து எழுதுகிறீர்களா என்று கேட்டிருந்தார். சங்குமுத்து துளி சந்தேகமும் இல்லாமல், "நான்தான் மாறி எழுதியிருப்பன். பரவாயில்லை, சுழியனுக்கு ஒரு ரெட்டைச் சகோதரனை இறக்கிவிடுவம்" என்றார். "ரெட்டைக்குப் பாஸ் இல்லை" என்று ஐயா முடித்துவிட்டார்.

முகாமையாளர் ஐயாவைக் கூப்பிட்டார். கதவு திறந்துதான் இருந்தது. பிழையே விடாத பிரிவு என்று எல்லா இடமும் சொல்லித் திரிந்தேனே, இப்போது என் மூஞ்சியை எங்கே வைப்பது என்று முகாமையாளர் கத்தியது எங்கள் மேசை வரைக்கும் கேட்டது. ஐயா என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. திரும்பி வந்து, என்னைப் பார்க்காமலே ஒரு துண்டுத் தாளில் நாலு வரி எழுதி அச்சுக்குக் கொடுத்தார். அதுதான் நிரோஷினி கண்டெடுத்த அறிவித்தல்:

"சுழியனின் ஆறாவது விரல் இடது கையிலேயே உள்ளது. முதல் பதினாறு அத்தியாயங்களில் வலது கை என வந்தது தவறு. அது ஒப்புநோக்கிய என்னுடைய கவனக்குறைவு. வாசகர் பொறுத்தருள்க."

சரியாக இருந்த பதினாறையும் பிழை என்றார். பிழையாக இருந்ததைச் சரி என்றார். அதை வாசித்தபோது, அவர் கண்டுபிடித்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது. இப்போது கேட்பார், இப்போது கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. எழுந்து போய், ஐயா நான்தான் என்று சொல்ல எனக்கு எட்டடி தூரம்கூட இல்லை. போகவில்லை. எனக்கு அப்போது இருபத்தைந்து வயது, வீட்டில் என் சம்பளத்தைத் தவிர வேறு வருமானம் இல்லை என்றெல்லாம் பிற்காலத்தில் காரணம் சேர்த்து வைத்திருக்கிறேன். உண்மையில் பயம், வேறொன்றுமில்லை.

ஐயாவை மரண அறிவித்தல் பகுதிக்கு மாற்றினார்கள். அங்கே அங்க அடையாளம் எழுதுகிற வழக்கமில்லை. ஓய்வு பெறும்வரை அவர் அங்கேதான் இருந்தார். போகும்போது நீளக் கொப்பியைக் கையோடு எடுத்துக்கொண்டு போனார். அவருடைய கதிரையில் என்னை இருத்தினார்கள். கவனமான பொடியன் என்று முகாமையாளர் என் முதுகில் தட்டினார். அந்தக் கதிரையில் முப்பது வருடம் இருந்தேன்.

பரீதாவின் கலியாணத்துக்குக் காசிம் காக்கா எங்கள் பிரிவு முழுவதையும் அழைத்திருந்தார். மூதூரில், மூங்கில் பந்தலின் கீழ், ஒரு சகனைச் சுற்றி ஐந்து பேராக இருந்து சாப்பிட்டோம். ஒரே பெரிய தட்டில் எல்லார் கையும். என் பக்கத்தில் அருளம்பலம் ஐயா, எதிரே மாப்பிள்ளையின் தகப்பன். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "எங்கட பேப்பர்க் கதையால உங்களுக்கும் கொஞ்சம் சங்கடம் வந்திருக்கும்" என்றேன்.

"என்ன கத?" என்றார் அவர். "எங்கட ஊட்டில ஒருத்தரும் பேப்பர் பாக்கிறல்ல தம்பி. பொறுக்கச் சொன்ன, பொண்ணுக்குக் குடுக்கிற ஊடு கட்டி முடியாததால. குசினிக்கு ஓடு போட்டா நாள் வைப்பம் எண்ட."

எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு சமையலறைக் கூரைக்காக ஒரு மனிதரின் பெயர் போய்விட்டது. ஐயா ஒரு இறைச்சித் துண்டைப் பிய்த்து என் பக்கமாகத் தள்ளிவைத்தார். "சாப்பிடும் தம்பி. கை காயுது" என்றார். அவ்வளவுதான். அதன் பிறகு அவரோடு பலமுறை இருந்து கதைத்திருக்கிறேன். மழையைப் பற்றி, மீன் விலையைப் பற்றி. அவர் செத்த வீட்டில் நின்றும் நான் சொல்லவில்லை.

இதையெல்லாம் நிரோஷினியிடம் சொல்லி முடித்தேன். "இப்ப அந்த வரியை மாத்தும் பிள்ளை. கவனக்குறைவு அல்ல, களவு எண்டு போடும். என்ர பேரைப் போடும்."

நிரோஷினி எழுதுவதை நிறுத்தியிருந்தார். பிறகு பெரிய பைக்குள் கையை விட்டு, பொலித்தீனில் சுற்றிய ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார். நீளக் கொப்பி.

"அருளம்பலம் ஐயான்ர மகள் தந்தவா. இதில சுழியன்ர பக்கத்தைப் பாத்தாப் பிறகுதான் எனக்குக் குழப்பம் கூடினது. காட்டத்தான் கொண்டுவந்தனான். அதுக்குள்ள நீங்கள் கதைக்கத் தொடங்கிட்டீங்கள்."

சுழியனின் பக்கத்தைத் திறந்தார். உயரம், நிறம், முடி. அடையாளம்: வலது கையில் ஆறு விரல். அதற்குப் பக்கத்தில் அதே சிறிய, நேரான கையெழுத்து. பதினேழு முதல் இருபத்துநான்கு வரை ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஒவ்வொரு வரி. மாற்றம்: இடது கை. ஒப்பம்: அ. ஒவ்வொன்றிலும் அ. அருளம்பலத்தின் அ. காரணம் என்ற நிரலில் முதல் வரியில் மட்டும் எழுதி, மற்றவற்றுக்கு மேற்படி என்று போட்டிருந்தார்.

காரணம்: காசிமின் மகள் வரி விடாமல் வாசிக்க.

நான் அழுதேன் என்று சொல்ல வெட்கமில்லை. நிரோஷினி பாவம், தண்ணீர் எடுக்கக் குசினிப் பக்கம் போனார். நாற்பது வருடமாகக் காவிக்கொண்டு திரிந்த குற்றத்தை இறக்கி வைக்கலாம் என்று பார்த்தால், அதை வேறொருவர் முதலிலேயே தன் பெயரில் பதிந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இதைவிடப் பெரிய தண்டனை முகாமையாளருக்குக்கூடத் தோன்றியிராது.

மேசையில் நிரோஷினியின் பேனை கிடந்தது. எடுத்தேன். பதினேழாம் வரியில் அ. என்பதை நேர்க்கோட்டால் வெட்டி, பக்கத்தில் தி. என்று எழுதினேன். பதினெட்டு. பத்தொன்பது. இருபது. கோடு நேராகத்தான் விழுந்தது, பழகின கை.

"ஐயோ ஐயா, என்ன செய்யிறீங்கள்! அது ஆவணம், அதில எழுதக் கூடாது!" தண்ணீர்க் கோப்பையோடு வாசலில் நின்று நிரோஷினி கத்தினார்.

"பிழை திருத்துறன் பிள்ளை. பொறும்."

இருபத்திரண்டு, இருபத்துமூன்று, இருபத்துநான்கு வரை வெட்டி எழுதி முடித்துப் பேனையை மூடிவைத்தேன். இருபத்தோராம் வரியில் மட்டும் கை வைக்கவில்லை. அந்தக் கிழமை நான் கப்பல்துறையில் இருந்தேன்.